பேரனுடன் வசிக்கிறார்

எங்கள் இதழில் எழுதியவர்கள் எல்லாரும் யாருடனாவது வசித்தார்கள். அப்படி முடித்துவைப்பது என் வேலையாக இருந்தது.

தொண்ணூறுகளில், தேரடிக்குப் பின்னால் ஒரு அச்சகத்தின் மாடியில், தாத்தா பாட்டிகளுக்கென்று ஒரு மாத இதழ் நடந்தது. பேரப்பிள்ளை வளர்ப்பதைப் பற்றி அவர்களே எழுதி அவர்களே படித்துக்கொண்டார்கள். ஆசிரியர், நான், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் அலுவலகம். கட்டுரைகளைத் திருத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவரின் போட்டோவும் அவரைப் பற்றி மூன்று வரியும் சேர்ப்பேன். ஊர், பார்த்த வேலை, பேரப்பிள்ளைகள். செய்யாறு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இரண்டு பேத்திகளுடன் வசிக்கிறார். போளூர், முப்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவர், மூன்று பேரன்களுடன் வசிக்கிறார். பாஸ்போர்ட் போட்டோவில் யாரும் சிரிப்பதில்லை. மூன்றாவது வரியில் நான் சிரிக்க வைத்தேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகி, முடிந்தும் போயிருந்தது. லாட்ஜில் மாத வாடகைக்கு ஓர் அறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாட்ஜை மாற்றுவேன். எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதே மலைதான் நின்றது. ஆனாலும் மாற்றுவேன்.

அடி அண்ணாமலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் எழுதிவந்தார். ஓடும் வண்டியில் எழுதியதுபோல் சாய்ந்த எழுத்து. கட்டுரையை நேரில் கொண்டுவருவார். உட்காரச் சொன்னால், "நின்னே பழகிட்டேன் சார். உட்கார்ந்தா ஸ்டாப்பிங் மறந்துடும்" என்பார். கேழ்வரகுக் களியை மலை மாதிரிப் பிடித்து, உச்சியில் குழம்பை ஊற்றி, தீபம் ஏற்றியாச்சு என்று சொன்னால்தான் பேரன் சாப்பிடுவானாம். விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்து மாடிமேல் எறிந்ததை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அச்சுக்கோர்ப்பவர்கூட அதைப் படித்துச் சிரித்தார்.

நான்காவது கட்டுரைக்குத்தான் அவர் போட்டோ கொடுத்தார்; அது இல்லாததால் அதுவரை மூன்று வரியும் போடவில்லை. ஊரும் வேலையும் தெரியும். மூன்றாவது வரியை நான் கேட்கவில்லை. கை தானாக எழுதியது.

இதழ் வந்து இரண்டு வாரம் கழித்து வந்தார். வழக்கம்போல் நின்றார்.

"பேரன் என்கூட வசிக்கிறான்னு போட்டிருக்கீங்களே, எந்த ரூம்ல சார்? சொன்னீங்கன்னா போயி எழுப்புவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம்தான் சொன்னார். மகன் விபத்தில் போனபிறகு, மருமகள் குழந்தையோடு வேங்கிக்காலில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தத் தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு கிரிவலம் வருவார். பாதையோரத்தில் இவர் வீடு. தண்ணீர் குடிக்க நிற்பார்கள். அரை மணி நேரம். மாதத்துக்கு அவ்வளவுதான் பேரன்.

"இந்தப் பௌர்ணமிக்கு நிக்கல. ரோட்டுக்கு அந்தாண்ட ஓரமா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு சம்மந்தி. பையன் திரும்பித் திரும்பிப் பாத்தான். சம்மந்தி உங்க புக்குக்குச் சந்தா கட்டறவரு சார்."

அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். அவன் என்கூட இல்லன்னு எனக்குத் தெரியும். அதை வேற ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கணுமா? அந்த அரை மணி நேரம் திரும்ப வேணும், அவ்ளோதான்."

மறுநாள் வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புது வீடுகள். சம்மந்தி அதே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் இதழ்களை மாதவாரியாகத் துளையிட்டு டேக் போட்டுக் கட்டி வைத்திருந்தார். கண்டக்டரின் கட்டுரைகளில் பென்சில் கோடுகள்.

"களியை மலை மாதிரி புடிக்கிறது யாருன்னு நெனச்சீங்க? நானு. பல்லை மாடிமேல எறிஞ்சவனும் நான்தான். அவர் ஊட்ல மாடி ஏதுங்க? ஓட்டு ஊடு. பையன் பௌர்ணமிக்குப் போயி ஒண்ணு விடாம ஒப்பிப்பான், அவர் எழுதிடுவாரு. குளிப்பாட்டறவன் நான், கட்டுரை அவருது."

"தெரிஞ்சும் ஏங்க சும்மா இருந்தீங்க?"

"புள்ளையைப் பறிகொடுத்த மனுஷன். எழுதிக்கட்டும்னு வுட்டேன்." டேக்கை முறுக்கினார். "நாம செய்யறதை அச்சுல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பொண்டாட்டிக்குக் கூடப் படிச்சுக் காட்டுவேன். ஆனா பையன் இருக்கற இடத்தையே மாத்திப் போட்டா? புள்ளைய எங்க வுட்டுட்டன்னு நாலு பேர் என் பொண்ணைக் கேக்கறாங்க."

"அது அவர் எழுதலைங்க. நான் எழுதினது."

"அவரைக் கேட்டீங்களா?"

"இல்லைங்க. எல்லாருக்கும் அப்படித்தான் போடறது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குப் பசங்க?"

"இல்லைங்க."

மேற்கொண்டு கேட்கவில்லை. என் வீட்டு விஷயம் இனி உங்கள் புக்கில் வரக்கூடாது, அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் நிற்போம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். கொடியில் ஒரு சிறுவனின் காக்கி டிராயர் காய்ந்துகொண்டிருந்தது.

கண்டக்டரிடம் சொன்னேன். "சரிங்க" என்றார் உடனே. பிறகு, "அப்ப எழுத ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

"உங்க சர்வீஸ் பத்தி எழுதலாமே?"

"அதுல பேரன் இல்லியே."

அந்த வாரம் செய்யாறு தலைமையாசிரியையிடமிருந்து புதுக் கட்டுரை வந்தது. மூன்றாவது வரியில் கை நின்றது. யாருடன் வசிக்கிறீர்கள் என்று ஒரு கார்டு போட்டேன். பதில் கார்டில் இரண்டே வாக்கியம். பேத்திகள் பெங்களூரில், நான் தனியாக. இதைப் போட வேண்டாம். போளூர்க்காரருக்கும் கார்டு எழுதி, தபால் பெட்டிவரை போய், திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

பௌர்ணமியன்று சாயங்காலம் நானும் அடி அண்ணாமலை போனேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கண்டக்டர் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடத்தில் தண்ணீர் வைத்து நின்றுகொண்டிருந்தார். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குழந்தைத் தலைக்கும் அவர் கழுத்து நீண்டது.

வந்தார்கள். சம்மந்தி எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்று, பையனை மட்டும் அனுப்பினார். ஏழு வயதிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு நாற்காலியில் ஏறினான்.

"தாத்தா, முந்தாநாளு எங்க ஊட்ல என்னா ஆச்சு தெரியுமா..."

"அத வுடு கண்ணு. சொல்லாத."

பையன் விழித்தான். கண்டக்டர் வேறு பேச்சைத் தேடுவது தெரிந்தது. "கால் சுட்டுச்சா?"

"இல்ல."

"வெயில் ஜாஸ்தியா?"

"கம்மிதான்."

அதற்குப்பின் இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பையன் காலை ஆட்டினான். பையனுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தது. அந்தக் கதவை நான் சாத்தியிருந்தேன். எதிர்ப்பக்கம் சம்மந்தி மலையைப் பார்ப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றார். யார் வாழ்க்கையிலும் அவ்வளவு நீளமான அரை மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியில் கண்டக்டர் உள்ளே போய், பழைய விசிலை எடுத்துவந்து கொடுத்தார். "ஒண்ணு ஊதுனா வண்டி நிக்கும். ரெண்டு ஊதுனா போலாம்."

பையன் ஒருமுறை ஊதினான். பாதையில் நாலைந்து பேர் நிஜமாகவே நின்று திரும்பிப் பார்க்க, அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்டக்டரும் சிரித்தார், முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். சம்மந்தி திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். பையன் இறங்கி, இரண்டுமுறை ஊதிவிட்டு, விசிலைக் கொடுக்காமலே சாலையைக் கடந்து ஓடினான்.

"அது அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார், யாரும் கேட்காமலே.

அவர் எங்களுக்கு மறுபடி எழுதவில்லை.

நான் கிளம்பினேன். பௌர்ணமிப் பாதையில் வந்த வழியே திரும்ப முடியாது. எல்லாரும் போகும் பக்கமே போய், மலையைச் சுற்றித்தான் ஊருக்கு வர வேண்டும். குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். எனக்கு முன்னால் எங்கோ ஒரு விசில் ஒருமுறை ஒலித்தது. நான் நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னை விலக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது விசிலுக்காக நின்றுகொண்டே இருந்தேன்.