படத்தில் வந்த தாயத்து

திரையில் தொடையெலும்பு தெரிந்தது, அதில் டாக்டர் ஏற்றியிருந்த ஸ்குரு தெரிந்தது, பக்கத்திலேயே சுண்டுவிரல் கணு அளவுக்கு இன்னொரு கறுப்பு நிழலும் தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டரில் இருந்த மற்றவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. நான் தியேட்டர் நர்ஸ். 2005-இல்தான் எங்களுக்கு சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே மிஷின் வந்தது. அதற்கு முன்னால், ஆபரேஷன் நடுவில் ஒரு படம் வேண்டுமென்றால் பிளேட் வைத்து எடுத்து, இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவர வேண்டும். அதுவரை எலும்பு டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, யார்மேல் எரிந்து விழலாம் என்று பார்த்தபடி நிற்பார். சக்கரம் வைத்த இந்த மிஷின் வந்தபிறகு பெடலை மிதித்தால் போதும், எலும்பு திரைக்கு வந்துவிடும். மனிதரின் பாதிக் கோபம் அன்றோடு போயிற்று. "உப்புக் காத்து ஆளையே அரிச்சிடும், இத விட்டு வைக்குமா?" என்று சொல்லி, தினமும் வேலை முடிந்ததும் தன் கையாலேயே அதன்மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டுப் போவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

அன்றைய நோயாளி ஓர் உப்பளத் தொழிலாளி. பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. சர்க்கரை உண்டு, இதயமும் பலவீனம். அவரைத் தயார் செய்யும்போது இடுப்பில் கறுப்புக் கயிறும் தாயத்தும் இருந்தன. கழற்றித்தான் ஆகவேண்டும், அது விதி. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், பெருமுக்கல் மலைக் கோயில்ல வச்சுக் கட்டினதுங்க. அது இல்லாம உள்ள அனுப்ப மாட்டேன்." அவள் அழுதிருந்தால்கூட மறுத்திருப்பேன். அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கயிற்றை வெட்டினேன். தாயத்தை, அவரை மேஜையில் படுக்கவைக்கும்போது, மெத்தைக்கு அடியில் நடுமுதுகுப் பக்கம் செருகினேன். உடம்பின்மேல் இல்லை, உடம்பை விட்டும் போகவில்லை. விதிக்கும் அவளுக்கும் நியாயம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை வேறு.

முதல் படங்களில் ஒன்றும் வரவில்லை. காலை இழுத்து எலும்பைச் சேர்த்ததில் மெத்தை நகர்ந்திருக்க வேண்டும். ஸ்குரு ஏற்றி முடித்து எடுத்த படத்தில்தான் அந்த நிழல் வந்தது.

"உள்ள ஏதோ விழுந்திருக்கு" என்றார் டாக்டர். கருவிகளை எண்ணினோம், எல்லாம் சரியாக இருந்தது. "எண்றதுல தப்பு வரும், படத்துல வராது. உள்ளயா வெளியயான்னு பாக்கணும், சைடுல திருப்புப்பா." எக்ஸ்ரேக்காரர் மிஷினின் வளைந்த கையைத் திருப்பப் பார்த்தார். உப்புக் காற்று வேலையைக் காட்டியிருந்தது. அதன் பூட்டு துருவேறி அசையவே இல்லை. டாக்டர் தயங்கினார். பிறகு காயத்தைப் பெரிதாக்கித் தேட, கத்திக்காகக் கையை நீட்டினார். "பிரஷர் இறங்குது, சீக்கிரம் முடிங்க" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

வேலை போய்விடும் என்றுதான் முதலில் தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். வெளியே நிற்கிறவளின் முகம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"சார், அது உள்ள இல்ல" என்றேன். "மெத்தைக்குக் கீழ இருக்குது. நான்தான் வச்சேன்."

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய், விழித்துக்கொண்டு படுத்திருந்த நோயாளி திரைத்துணிக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "டாக்டரய்யா, என் தாயத்தா?"

குனிந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். எக்ஸ்ரேக்காரர் மீண்டும் பெடலை மிதித்தார். எலும்பும் ஸ்குருவும் மட்டும் இருந்தன. டாக்டர் கத்திக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கத்துவார் என்று காத்திருந்தேன். "இனிமே படத்துல வராத எடத்துல வைம்மா" என்றார். பிறகு தையல் போடத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் எத்தனையோ தாயத்துகள் என் சட்டைப் பையில், எக்ஸ்ரே படாமலிருக்க நாங்கள் மாட்டிக்கொள்ளும் ஈயக் கவசத்துக்குள் இருந்து ஆபரேஷன் பார்த்திருக்கின்றன. கதிர் நுழையாத இடம் அதுதானே. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி வீட்டாரிடம் கொடுத்துவிடுவேன்.

போன வருஷம் அதே தியேட்டருக்கு எலும்பு டாக்டரே ஸ்ட்ரெச்சரில் வந்தார். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது. குளியலறையில் விழுந்து, அதே இடத்தில் முறிவு. அவரைத் தயார் செய்தபோது இடுப்பில் புத்தம்புதுக் கறுப்புக் கயிறு, அதில் ஒரு வெள்ளித் தாயத்து. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வீட்ல கட்டிவிட்டுட்டாங்க சிஸ்டர்" என்றார். கயிற்றை வெட்டி, தாயத்தைப் பையில் போட்டு, மேலே கவசத்தை மாட்டிக்கொண்டேன்.

இப்போது மிஷின் புதிது, பூட்டு நன்றாகத் திரும்புகிறது. ஸ்குரு ஏறியதும் படம் எடுத்தார்கள். திரைத்துணிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "சிஸ்டர், படத்துல வேற ஏதாவது தெரியுதா?"

திரையைப் பார்த்தேன். எலும்பு இருந்தது, ஸ்குரு இருந்தது.

"ஒண்ணும் தெரியல சார்" என்றேன். "எங்கிட்டதான் இருக்குது."