கிளிப் டாக்டரின் ஒரு வாரத் தேர்வு

எதையும் சொல்வதற்கு முன் அம்மா தன் முன்பற்களை நாக்கால் ஒருமுறை தடவிக்கொள்வார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பள்ளி ஆசிரியையின் பல் அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபடி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எதிரில் மகன், மடிக்கணினித் திரையில் அதே பற்களைத் திருப்பிக்கொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து பார்த்த கடைசி வாய் அது.

முப்பத்தோரு வருடமாகக் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டியவர் அம்மா. போனை எடுத்தால் "கிளிப் டாக்டர் பேசுறேன்" என்பார், பட்டம் வாங்கியதுபோல. மகன், அலைனர் செய்யும் நிறுவனத்தில் பொறியாளன். பல்லோடு ஒட்டி நின்று அதை நேராக்கும், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை அது; வேண்டும்போது கழற்றலாம். அந்தக் கழற்றல்தான் அம்மாவுக்கு ஆகாது.

"கழட்டி வச்சுட்டு டீ குடிப்பாங்க. மறுபடி யாருடா மாட்டுறது, உன் கம்ப்யூட்டரா?"

"கிளிப்ல சாப்பாடு சிக்குமேம்மா."

"சிக்கட்டும். சொன்ன இடத்துக்குப் பல்லு வரும். பெத்த பிள்ளை வருதா?"

ஆனாலும் நியாயம் தவறமாட்டார். அலைனர் கேட்பவர்களுக்கு, பல்லை நகர்த்தாத வெறும் உறை ஒன்றைக் கொடுத்து, நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம், ஒரு வாரம் போட்டுவரச் சொல்வார். ஒருவர் அதைச் சட்டையோடு துவைத்துவிட்டார். இன்னொருவருடையதை நாய் கடித்தது. இருவருக்கும் கிளிப்.

ஆசிரியைக்கு நாற்பத்திரண்டு வயது. சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும். வகுப்பில் கிளிப்போடு நிற்பதைவிட இப்படியே இருந்துவிடுகிறேன் என்றிருந்தார். அவருடைய கோரைப்பல் வேறு திரும்பி நின்றது; உருண்டைப் பல்லைப் பிடித்துத் திருப்ப அலைனருக்கு அவ்வளவாக வராது. "ரெண்டு நாள் தாங்கமாட்டீங்க, பாருங்க" என்று அவரிடமே பந்தயம் கட்டியிருந்தார் அம்மா.

உறை திரும்பி வந்திருந்தது. கூடவே, கழற்றிய நிமிடத்தையும் மாட்டிய நிமிடத்தையும் ஏழு நாளுக்கு எழுதிய தாள். அம்மா லென்ஸ் வைத்து உறையின் தேய்மானத்தைப் பார்த்தார். தாளில் பொய்யில்லை.

"அலைனரே போடுடா. கோரைப்பல்லுக்கு உள்பக்கமா ஒரு பட்டன் ஒட்டி, ரப்பர் மாட்டித் திருப்பிடுறேன். வெளியே தெரியாது." மகன் சிரித்தான். தலையில் ஒரு குட்டு விழுந்தது. "என்ன சிரிப்பு? என் பேஷண்ட்டாக்கும்!"

பள்ளி விட்டதும் ஆசிரியையைத் தானே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார் அம்மா. மூன்று மணிக்கு, உட்கார்ந்த நாற்காலியிலேயே, மாரடைப்பில் போய்விட்டார்.

மேசையில் ஒரு சீட்டில் ஆசிரியையின் போன் எண் இருந்தது. அதன் கீழே, பேச வேண்டியதை எழுதிப் பார்த்திருந்தார். 'நான் தோத்துட்டேன்' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, 'நீங்க ஜெயிச்சுட்டீங்க டீச்சர்' என்று திருத்தி, அதற்கடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.