பாயார் தீவில் அவள் எடுத்த படம்

தண்ணீருக்கடியில் படம் எடுக்கும் சின்ன கேமரா ஒன்றை வாங்கி, ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிய பிறகுதான் பாயார் தீவுக்குப் புறப்பட்டேன். பள்ளி விடுமுறை. நான், மனைவி, பத்து வயது மகள். ஜெலுத்தோங்கில் இருக்கும் வீட்டிலிருந்து காலையிலேயே காரை எடுத்து, கடற்பாலத்தைக் கடந்து, குவாலா கெடாவில் படகு ஏறினோம்.

மனைவிக்கு நீச்சல் தெரியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சிப்புகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் வந்தாள்.

நான் இறங்கியதுமே மீன்களைத் துரத்த ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் எண்பது படம். கரைக்கு வந்ததும் மகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ப்பா, எல்லாத்திலயும் வாலுதான் இருக்கு."

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்க இப்படிக் காலப் போட்டு அடிச்சா மீனு நிக்குமா லா? குடுங்க இங்க."

எப்படித்தான் துணிந்தாளோ! லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, என் தோளைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீருக்கு வந்தாள். முதல் தடவை முகத்தை உள்ளே வைத்ததுமே உப்புநீரைக் குடித்து இருமினாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். பிறகு குப்புற மிதந்தாள். அசையவே இல்லை. பயந்துபோய் முதுகைத் தட்டினேன். தலையைத் தூக்காமலேயே என் கையைத் தள்ளிவிட்டாள்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். கை நீட்டும் தூரத்தில் ஒரு பாறை, அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று. வெகுநேரம் கழித்து எழுந்தவள் மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: "என்னங்க, அந்த மீனு ஒரே எடத்தயே சுத்திச் சுத்தி வருது. அங்க என்னமோ இருக்கு."

அவள் எடுத்திருந்த படத்தில் எனக்குத் தெரிந்தது வெறும் ஆரஞ்சுக் கறை. அவள் பெரிதாக்கிக் காட்டினாள். அத்தனையும் முட்டைகள். கடுகளவே இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண்கள்.

"ம்மா, எப்படி ம்மா கண்டுபிடிச்சீங்க?"

"தினமும் இதவிடச் சின்னதத்தானே பாக்குறேன்."

திரும்பும்போது படகில் இருந்த எல்லோரிடமும் அந்தப் படத்தைக் காட்டினேன். "சும்மா இருங்க லா" என்று என் முழங்கையை இழுத்துக்கொண்டே வந்தாள்.

கேமரா இப்போது அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். முதல் நாளே பயிற்சி தருபவரிடம், மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்று கேட்டாளாம்.