குதிரைக்கு நெற்றி முடி வளர்ந்த கதை

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு குதிரைக் கொட்டகையை ஒட்டிக் குடியிருந்தோம். வெள்ளைப் பெண் குதிரை, முதலாளியுடையது. சாயங்காலம் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும், கல்யாண சீசனில் மாப்பிள்ளைகளை. என் வீட்டுக்காரர் கயிறு பிடிப்பார். குளிப்பாட்டித் துடைத்துவிடுவது என் வேலை.

எங்கள் நாகர்கோவில் பக்கமும் சரி, இங்கேயும் சரி, முடி வளர வேண்டுமென்றால் காய்ச்சின எண்ணெய்தான். செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டு எனக்குக் காய்ச்சியதையே குதிரையின் பிடரிக்கும் நெற்றி முடிக்கும் தினம் இரண்டு வேளை தேய்த்தேன். பளபளப்பைப் பார்த்து ஒரே பெருமை. எண்ணெயில் மணல் ஒட்டும் என்று யோசிக்கவில்லை. அரிப்புத் தாங்காமல் அது தூணில் உரச ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் பிடரி பாதி போய்விட்டது. நெற்றி முடி மொத்தமும் போயிற்று. கண்ணோரம் மொய்க்கிற ஈயை விரட்ட அதற்கு ஒன்றுமில்லை.

முதலாளி வந்து பார்த்தார்.

"மொட்டக் குதிரைல எந்த மாப்ள ஏறுவான்? சீசன் வரைக்கும் பாப்பேன். இல்லெங்கில் செங்கச் சூளை வண்டி இழுக்கக் கொடுத்துருவேன், கேட்டியா?"

எதனால் உதிர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே வீட்டுக்காரரை அனுப்பி மிருக டாக்டரை வரவழைத்தேன்.

அவர் பிடரியை முகர்ந்து பார்த்தார்.

"இதெந்தா, தாளிச்சு வச்சிருக்கு? ஆரு எண்ணெய் தேச்சது?"

"நாந்தான் சார். வளரட்டும்னு…"

"என் அம்மையும் இதுதான் தேய்க்கும். அம்மை மணல்ல ஓடாது, அல்லே?"

ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அவர் எழுதின இங்கிலீஷ் சீட்டு பிடிபடவில்லை. வாயால் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். காரமில்லாத சோப்புப் போட்டு, சோப்பு மிச்சமில்லாமல் அலசணும். சீப்பு வேண்டாம், சிக்கை நுனியிலிருந்து விரலால் எடுக்கணும். பச்சைப் புல்லும் ஊறவைத்த கொள்ளும் வேணும். அந்தியில் கொசுவுக்குப் புகை போடணும்.

அப்படியே செய்தேன். தூணில் சாக்கைச் சுற்றினேன். பழைய வேட்டியைக் கீற்றாகக் கிழித்து, ஈ அண்டாமலிருக்கத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டேன். தினமும் பிடரி முடியை விரலை வைத்து அளப்பேன். சில நாள் குறைந்துவிட்டது போலிருக்கும், திரும்ப அளப்பேன்.

"ஏட்டி, தாலுகா ஆபீஸ்ல இருந்து அளக்க வந்துருக்கியா? அதுக்கே நாணம் வருது, விடு" என்பார் வீட்டுக்காரர்.

மூன்றாம் மாதம் நெற்றியில் பிள்ளை முடி போல மெத்தென்று ஒன்று முளைத்தது. தொடப் பயந்து தொட்டேன்.

சீசனுக்கு முன் முதலாளி வந்தார். கீற்றுகளை அவிழ்த்துவிட்டு நிறுத்தினேன். நெற்றி முடி நாலு விரல்தான். பிடரி பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. அவர் முகம் தெளியவில்லை.

"முதலாளி, நாந்தான் எண்ணெய் தேச்சுக் கெடுத்தேன். அது மேல ஒரு குத்தமும் இல்ல. என்னைய வேணும்னா அனுப்பிருங்க."

இத்தனை மாதம் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். குதிரையின் கண்ணருகே ஒரு ஈ வந்தது. அது தலையை உதற, அந்த நாலு விரல் முடி அசைந்து ஈ பறந்தது.

முதலாளி அந்த முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"இந்த சீசன் மாப்ள வேண்டாம். பிள்ளைகள் ஏறட்டும். நீயே பாத்துக்கோ."

அவர் போனதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குதிரை குனிந்து என் தோளில் மூக்கை வைத்தது.