என் பழைய என்ஜினும் பெரியப்பாவின் தண்ணீரும்

உங்கள் பெரியப்பா மேல் எனக்கு இருந்த பொறாமையை உங்களுக்கு எழுத வேண்டும். உங்கள் அம்மாவிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. தாத்தா தன் இரண்டு மகள்களுக்கும் அடி அண்ணாமலையில் பக்கத்துப் பக்கத்தில் கழனி கொடுத்திருந்தார். மூத்த மருமகனான பெரியப்பா தன் கிணற்றுக்குப் புது டீசல் என்ஜின் போட்டார். நான் டவுனில் ஒரு பாயிடம் பழைய என்ஜின் வாங்கிப் போட்டேன். தாத்தா காலையில் வந்தால் பெரியப்பாவின் தொட்டியருகில்தான் நிற்பார். "தண்ணியப் பாரு, தொட பருமன் கொட்டுது" என்பார். என் பக்கம் வந்தால், "ம், ஓடுதா?" அவ்வளவுதான். அந்த "ம்" எனக்குச் சோறு இறங்க விடாது.

பம்பிலிருந்து சின்ன ரப்பர் குழாய் ஒன்று என்ஜினுக்குப் போகும். அந்தத் தண்ணீர் என்ஜினைக் குளிரவைத்துவிட்டு மறுபக்கம் தரையில் விழும். அதுவும் தொட்டியில் விழுந்தால் என் தண்ணீரும் கொஞ்சம் பெருசாகத் தெரியுமே என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் தாத்தா வரும் நேரம் பார்த்துக் குழாயைக் கழற்றி, வேட்டித் துணியைக் கிழித்து அடைத்து, மறுபடி மாட்டினேன். கொஞ்ச நேரம்தானே!

தாத்தாவோ பெரியப்பாவின் தொட்டியிலேயே பேசிக்கொண்டு நின்றுவிட்டார். வரட்டும், வரட்டும் என்று நான் துணியை எடுக்கவில்லை. என்ஜின் சத்தம் கனத்தது. பெயிண்ட் தீய்கிற நாற்றம். ஒரு உறுமல், நின்றுவிட்டது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன், அசையவில்லை. உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கழனியில் நெல் பால் பிடிக்கிற சமயம். அன்று தண்ணீர் பாயாவிட்டால் கதிரெல்லாம் பதர்தான். துணியை உருவக் கை வைத்தால் கொதிக்கிறது. அதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள்.

"இன்னா ஆச்சு மாப்ள? பாய் ஏமாத்திட்டாரா?" என்றார் தாத்தா.

"ஆமாங்க மாமா, பழசுதானே" என்றேன். பாவம், அந்தப் பாய் என்ன செய்தார்?

பெரியப்பா ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். "ஆயில் கம்மி இல்ல." டீசலும் இருந்தது. சிலிண்டர் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். சொய்யென்றது. "உள்ள தண்ணியே போவல சகல" என்று துண்டால் பிடித்துக் குழாயைப் பிடுங்கினார். துணி தொங்கியது.

"இன்னா சகல, என்ஜினுக்குக் கோமணம் கட்டிவுட்டிருக்க?"

தாத்தா சிரித்த சிரிப்பில் கிரிவலப் பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாய் மேல பழியப் போட்டீங்களே மாப்ள!"

பெரியப்பா டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, பிடித்த பிஸ்டன் இளக அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றினார். "ரெண்டு நாளு ஊறட்டும், அப்பறமா ஆட்டிப் பாக்கலாம். அதுவரைக்கும் என் தண்ணிய வுடறேன். நீ வரப்ப வெட்டு."

மண்வெட்டியோடு நடுவரப்பில் நின்றேன். அந்தப் பக்கம் அவர் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து முட்டியது. பயிர் கருகினாலும் பரவாயில்லை, இவர் தண்ணீர் வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தேன், பிள்ளைகளே. உங்களுக்கு அந்த வருஷத்துச் சோறு அந்த நெல்தான். அது நினைவுக்கு வந்த பிறகுதான் வெட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம் அகலமா வெட்டு சகல!" என்று அவர் அங்கிருந்து கத்தினார்.

அகலமாகவே வெட்டினேன். திரும்பி அவரைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வாய் வரவில்லை.