எட்டில் ஒரு துண்டு

தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'எட்டில் ஒண்ணு'. சக்கர நாற்காலிகளுக்கு மோட்டார் வடிவமைப்பவள். மோட்டாரைக் கேக் மாதிரி எட்டாகப் பிரித்து, ஒரு துண்டை மட்டும் கணினியில் போட்டுக் கணக்கிடுவாள். மற்ற ஏழும் அச்சு அசல் அதேதானே, நேரம் மிச்சம்.

"வீட்டையும் எட்டுல ஒரு பங்குதான் பெருக்குற," என்று கணவன் வம்பிழுப்பான்.

"மிச்ச ஏழும் உங்களுக்குத்தான்," என்பாள். லேசுப்பட்டவள் இல்லை. பதினோரு வருடத்தில் அவள் வரைந்த மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்த முறை நாற்பது வந்தன. எல்லாம் உறுமின, கொஞ்ச நேரத்தில் சூடேறின. கம்பி சுற்றியதில்தான் கோளாறு என்று மேலாளர் எடுத்த எடுப்பில் தீர்ப்பு எழுதிவிட்டார். இருபது வருடமாகக் கம்பி சுற்றும் அக்காவுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை.

"ஒரு சுத்துகூட நான் விடல மேடம்," என்றார் அக்கா. அவர் அழாமல் சொன்னதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு மோட்டாரைப் பிரித்தாள். கம்பிச் சுற்று கச்சிதம். நடுவில் சுழலும் உருளைதான் மயிரிழை அளவு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. உடனே முழு மோட்டாரையும் கணினியில் ஏற்றி, உருளையை அதே அளவு நகர்த்திக் கணக்கிட்டாள். முழுதாக இரண்டு நாள் ஓடியது.

வியாழன் மாலை விடை வந்தது. இடைவெளி குறைந்த பக்கம் காந்தம் உருளையைப் பிடித்து இழுத்தது; உறுமலும் சூடும் அதனால்தான். ஒரு துண்டைப் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் தெரியாது, மற்ற ஏழும் அதேதான் என்று கணினிக்குச் சொன்னவளே இவள். அந்த நம்பிக்கையில்தான், உருளையைத் தாங்கும் பேரிங் உட்காரும் இடம் சற்றுத் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை என்று புது வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்தை யாரும் தேடப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, அக்கா மேலாளர் முன் நிற்கும்போதே உள்ளே போனாள்.

"கம்பியில தப்பில்ல சார். வரைபடத்துல தப்பு. வரைஞ்சது நான்."

"என்ன பேசுறோம்னு யோசிச்சீங்களா? தலைமைப் பொறுப்புக்கு உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன்."

"யோசிச்சுட்டேன் சார். அந்தப் பேரை எடுத்துடுங்க."

எத்தனை பேருக்கு வரும் அந்த நெஞ்சுரம்? பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அக்காவின் வேலை நிலைத்தது.

வெளியே வந்ததும் அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்ககிட்ட அப்படிச் சொன்னேனே தவிர, நேத்துலேர்ந்து நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் மேடம், என் கைதான் தப்புன்னு."

அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.