அடைக்கக் கூடாத துளை

காசு கொடுத்து வீட்டைச் சூடாக்கும் இந்த நாட்டில், அதே வீட்டின் சுவரில் குளிர்காற்று உள்ளே வருவதற்கென்று ஒரு துளை இருக்க வேண்டும் என்பது விதி. லா சப்பலில் நாங்கள் வாங்கிய பழைய அடுக்குமாடி வீட்டின் சமையல் குசினியில் அப்படி இரண்டு துளைகள் உண்டு. ஒன்று யன்னலுக்குக் கீழே, மற்றது கூரையை ஒட்டி. இரண்டுக்கும் உள்ளங்கை அகல வெள்ளைச் சல்லடை போட்டிருக்கிறார்கள். மார்கழியில் கீழ்த்துளைக்கு முன்னால் நின்றால், யாரோ காலில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது போலிருக்கும். இந்தப் பகுதியில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போகிறவர்கள் அந்தச் சல்லடையைக் கவனித்துப் பாருங்கள். பல வீடுகளில் அதன்மேல் நாடா ஒட்டியிருக்கும்.

குளிருக்காக ஒட்டியது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது மணத்துக்காக. கருவாடு பொரிக்கும் நாளில் நம்மவர்கள் செய்யும் ஏற்பாடுகள் ஒரு சிறிய ஊரடங்குக்குச் சமம். வாசல் கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துவாய். உடுப்பு அலுமாரிக்கு இறுக்கிய பூட்டு. குசினித் துளைகளில் பிளாஸ்டிக் பை. பொரித்து முடிந்ததும் படிக்கட்டில் ஊதுபத்தி. சென்ற இலையுதிர் காலத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்கார மெசியு, என் மனைவி மாலினியைப் படியில் நிறுத்தி, மிகுந்த மரியாதையுடன், "மதாம், அந்த மணங்கள்..." என்று சொல்லி வாக்கியத்தை முடிக்காமல் போனார். முடித்திருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அன்று மாலையே வெள்ளி நிற நாடா வாங்கி வந்து இரண்டு சல்லடைகளையும் மூலைக்கு மூலை ஒட்டினாள். பிறகு அதைக் கழற்றவில்லை.

குளிர் தொடங்கியதும் அவளுக்குத் தலையிடி வந்தது. விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போய் மத்தியானம் திரும்புவாள். நான் ஒரு உணவுக் களஞ்சியத்தில் மாலைவரை வேலை. ஆகவே பகலில் அந்த வீட்டில் இருப்பது அவளும் குசினிச் சுவரில் தொங்கும் காஸ் கொதிகலனும்தான். அந்தக் கொதிகலன்தான் அறைகளைச் சூடாக்கும் எங்கள் ரடியத்தர்களுக்கெல்லாம் சுடுநீர் அனுப்புகிறது. திரான்சியிலிருந்து வந்திருந்த அவளுடைய தமையன் சிவத்திடம் ஒருநாள் சொன்னாள்: "வேலைக்குப் போனால் தலையிடி இல்லை அண்ணை. வீட்டுக்கு வந்தால்தான் தொடங்குது."

"வீட்டிலை ஆரின்ர முகத்தைப் பாக்கிறாய் எண்டு யோசி," என்றார் சிவம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்றைய பேச்சு சோஃபாஜ் என்கிற வீட்டுச் சூடாக்கல் பற்றித்தான். கட்டணம் ஏறிக்கொண்டே போனது, வீடோ சூடாகவில்லை. சிவம் தன் தோட்டத்தில் வெப்பப் பம்பி வைத்திருக்கிறார். வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் பெட்டி அது. "குளிருக்குள்ளையிருந்து சூடு எடுக்குது மச்சான், எங்கடை சனம் கல்லிலை நார் உரிச்ச மாதிரி," என்று பெருமைப்பட்டார். அடுக்குமாடியில் அதை வைப்பதானால் பொதுச்சுவரில் பெட்டி தொங்க வேண்டும்; மற்ற வீட்டுக்காரர்களின் கூட்டம் சம்மதிக்க வேண்டும். மேல்மாடி மெசியுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆகவே கொதிகலனையாவது புதிதாக மாற்றலாம் என்று விலை கேட்கத் தொழில்நுட்பக்காரரை அழைத்தேன்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. குசினி வாசலில் காலை வைத்ததும், இடுப்பில் செருகியிருந்த சின்னக் கருவி கீச்சிட்டது. அவர் நேரே போய் யன்னலை அகலத் திறந்தார். காஸை மூடினார். "வெளியே. எல்லோரும் வெளியே," என்றார். மாலினி அடுப்பில் இருந்த பருப்பை இறக்கி வைக்கத் திரும்பினாள். அவர் அவளைத் தோளில் பிடித்து வெளியே தள்ளினார். வந்தவர் கொள்ளைக்காரரோ என்று ஒரு கணம் நினைத்தேன். படிக்கட்டில் செருப்பில்லாமல் நின்றோம். அவர் தொலைபேசியில் தீயணைப்புப் படையை அழைக்கும்போது சொன்ன சொல் எனக்கு விளங்கியது: மொனொக்சித். கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு.

யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில், மின்சாரமில்லாத இரவுகளில் அச்சு இயந்திரத்தை மண்ணெண்ணெய் மோட்டாரில் ஓட்டினோம். புகை கண்ணைக் கரிக்கும். இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவோம். அங்கே ஆபத்துக்கு மணம் இருந்தது. மணம் இல்லாவிட்டால் சத்தம் இருந்தது. இரண்டையும் வைத்துத்தான் உயிர் பிழைக்கப் பழகினோம். மொனொக்சித்துக்கு இரண்டும் இல்லை. கொதிகலனின் நெருப்புக்குக் காற்று போதாமல் போனால் அது உண்டாகிறது. மணமுள்ள காற்று வெளியே போகக்கூடாது என்று நாங்கள் ஒட்டிய நாடா, மணமில்லாத நஞ்சை உள்ளே நிறுத்தி வைத்திருந்தது.

மருத்துவமனையில் மாலினிக்கு இரத்தம் எடுத்து, முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். இன்னும் சில வாரம் போயிருந்தால், ஒரு மத்தியானம் படுத்தவர் எழும்பாமல் விட்டிருப்பார் என்று மருத்துவர் என்னிடம் தனியே சொன்னார். பிறகு தாதி வந்து, துளைகளை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மாலினி முகமூடியை விலக்கி, "குளிர்," என்றாள். தாதியின் முகம் இளகியது. சூடாக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவி உண்டு, வெட்கப்பட வேண்டாம் என்று மெதுவாக விளக்கி, ஒரு துண்டுப் பிரசுரத்தை என் கையில் வைத்தார். நன்றி சொன்னேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"ஏழையள் எண்டு நினைச்சால் நினைக்கட்டும். மணக்கிற சனம் எண்டு நினைக்கக் கூடாது."



வீடு அணைந்து கிடந்தது. கொதிகலனுக்குச் சிவப்பு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். புதிய வகைக் கொதிகலன் காற்றை வெளியிலிருந்தே குழாயால் எடுக்கும், அறைக்காற்றைத் தொடாது என்று தொழில்நுட்பக்காரர் சொன்னார். ஆனால் அந்தக் குழாய்க்கும் பொதுச்சுவரில் ஓட்டை வேண்டும், கூட்டம் வேண்டும். மாலினிக்கு அந்த யோசனையே வேண்டாம். "இனி என்ரை வீட்டுக்குள்ளை நெருப்பு வேண்டாம்." ஆகவே மின்சாரம். அடுப்பும் அப்படியே மாறியது.

விசாரித்து அறிந்ததை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மலிவான மின்சார ரடியத்தர் காற்றை மட்டும் சூடாக்கும். சூடு கூரைக்கு ஏறும், கால் விறைக்கும், தலை காயும். கொஞ்சம் விலை கூடியதற்குள் கல்லோ வார்ப்பிரும்போ இருக்கிறது. அது மெல்லச் சூடாகி, நிறுத்திய பின்னும் மெல்லவே ஆறும். வேலைக்குப் போகும்போது அதை முழுதாக அணைக்காமல் சற்றுக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுவர்களை மீண்டும் சூடாக்கவே கட்டணம் போகும். ஆனால் எதை வாங்குவதற்கு முன்னும், யன்னல் சட்டங்களின் இடுக்கை ரப்பரால் அடைக்கச் சொன்னார்கள். அடைத்தோம். எந்தத் துளையை அடைப்பது, எதை விடுவது என்பதுதான் இங்கே வீடு சூடாக்கும் வித்தை.

"இனி நெருப்பு இல்லைத்தானே," என்றாள் மாலினி, ரப்பர் ஒட்டிக்கொண்டே. "அப்ப அந்தச் சல்லடையளைத் திரும்ப ஒட்டினால் என்ன?"

"சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும் எண்டு கொதிகலன் பாக்க வந்தவர் சொன்னவரல்லே."

"பூஞ்சணம் படியிலை வந்து கதைக்காது."

இந்தமுறை நான் சிரிக்கவில்லை. சேர்ட்டை மாற்றிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன்.

மெசியு கதவைத் திறந்து, முதலில் மாலினியின் உடல்நிலையைத்தான் விசாரித்தார். தீயணைப்புப் படை தன் வீட்டையும் சோதித்ததாகவும், அங்கே ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையில் உங்களுக்கு நன்றி சொல்ல நினைத்திருந்தேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் மணமே இல்லை," என்றார்.

"துளைகளை இனி மூட முடியாது, மெசியு. மணம் வரும்."

அவர் முகம் வெளுத்தது. "மணம் வந்தால் ஆபத்தா? யாரை அழைக்க வேண்டும்?"

"மணம் வந்தால் ஆபத்து இல்லை. சாப்பாடு."

"ஆ." அவர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "ஞாயிற்றுக்கிழமைகளிலா?"

"எல்லா நாளும், மெசியு."

அவர் தலையசைத்தார். சம்மதமா, விடை கொடுத்ததா என்று இன்றுவரை தெரியாது. இனிய நாளாக அமையட்டும் என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அடுத்த ஞாயிறு மாலினி மின்னடுப்பில் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டாள். வாசல் கதவின் கீழே துவாய் இல்லை. புதிய ரடியத்தரின் சூடு முதுகில் இதமாக ஏறியது. பல வருடங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் நின்றேன். எண்ணெய் பொரிந்து மணம் எழுந்த நேரம், மேலே காலடி கேட்டது. அது அறையைக் கடந்து, எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. யன்னல் கைப்பிடி திரும்பும் சத்தம்.

மாலினி அகப்பையைச் சட்டிக்கு மேலே பிடித்தபடி நின்றாள். "இஞ்சேருங்கோ, திறக்கிறாரோ, மூடுறாரோ?"

இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். உடம்பு எங்கள் வீட்டின் சூட்டில் இருந்தது. காது அவருடைய வீட்டில் இருந்தது. சட்டியில் மிளகாய் கருகத் தொடங்கியிருந்தது.